வேகமான லாங்வேஜா, ஆள் கிடைக்கும் லாங்வேஜா?

“எந்தக் கம்ப்யூட்டர் லாங்வேஜ் நல்லது?” புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சாப்ட்வேர் எழுதுவது என் வேலை என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் கூடக் கேட்டு விடுவார்கள். எதை எழுதப் போகிறீர்கள், யாரோடு சேர்ந்து எழுதப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ‘எதை’ என்பதை எல்லோரும் ஒத்துக் கொள்கிறார்கள். ‘யாரோடு’ என்பதைத்தான் பல வருட அனுபவம் உள்ள என்ஜினியர்கள் கூட மறந்து விடுகிறார்கள். அந்த மறதி எத்தனை பெரிய வேலையில் கொண்டு போய் விடும் என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நானும் என்னுடன் என்ஜினியரிங் படித்த மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் எழுதப் போகிறோம். ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன? புரோகிராமின் மூலத்தை, அதாவது நாங்கள் டைப் செய்த வரிகளை அப்படியே எல்லோருக்கும் கொடுத்து விடுவது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், தன் தேவைக்கு மாற்றிக் கொள்ளலாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் விஎல்சி பிளேயர், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் எல்லாம் இந்த ரகம்தான். நாங்கள் எழுதப் போவது ஸ்ட்ரீம் பிராசஸிங் என்ற வகையைச் சேர்ந்தது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மளிகைக் கடையில் மாதக் கடன் நோட்டு பார்த்திருப்பீர்கள். தினமும் எழுதிக் கொண்டே போய், மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகக் கூட்டுவார்கள். கம்ப்யூட்டரில் இதற்கு பேட்ச் பிராசஸிங் என்று பெயர். பணம் கொடுத்த உடனே கணக்கில் ஏற்றி, கையிருப்பு எவ்வளவு என்று அந்த நிமிடமே சொல்வது இன்னொரு வகை. ஏடிஎம்மில் பணம் எடுத்ததும் போனில் மெசேஜ் வருகிறதே, அது போல. டேட்டா ஓடை போல நிற்காமல் வந்து கொண்டே இருக்கும். புரோகிராமும் தூங்காமல் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொண்டே இருக்கும். அதுதான் ஸ்ட்ரீம் பிராசஸிங்.

எங்கள் சாப்ட்வேர் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணமான வேலை. போர்வெல் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, மேலே உள்ள டேங்கில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சென்சார்கள் ஐந்து வினாடிக்கு ஒரு முறை சொல்லும். புரோகிராம் கடைசிப் பத்து நிமிடக் கணக்கை எப்போதும் கையில் வைத்திருக்கும். மோட்டார் ஓடுகிறது, ஆனால் டேங்கில் தண்ணீர் ஏறவில்லை என்றால் கீழே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். உடனே மோட்டாரை நிறுத்தா விட்டால் காயில் கருகி விடும். ரீவைண்டிங் செலவு என்ன ஆகும் என்பது வீட்டில் போர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் வைஃபை பத்து நிமிடம் போய் விட்டுத் திரும்பி வந்தால், பழைய ரீடிங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். அவற்றை வந்து சேர்ந்த நேரப்படி கணக்கில் எடுப்பதா, சென்சார் அளந்த நேரப்படியா? கரண்ட் போய் வந்தால் பாதிக் கணக்கு எங்கே போகும்? ஸ்ட்ரீம் பிராசஸிங் சாப்ட்வேர் எழுதுபவர்கள் தலையைப் பிய்த்துக் கொள்வது இது போன்ற இடங்களில்தான். நாங்கள் இன்னும் அங்கே போகவே இல்லை. எந்த லாங்வேஜில் எழுதுவது என்பதிலேயே நான்கு மாதமாக நிற்கிறோம்!

ஒரு நண்பர் ரஸ்ட் என்கிறார். ஒருவர் பைத்தான் என்கிறார். நான் கோ என்கிறேன். நான்காவது நண்பர் எந்த மீட்டிங்கிலும் கடைசியாகப் பேசியவர் பக்கம்.

ஏன் இவ்வளவு சண்டை? உலகத்தில் பெரிய பெரிய ஸ்ட்ரீம் பிராசஸிங் சாப்ட்வேர்கள் இந்த ஒரு முடிவால் என்ன பாடுபட்டன என்று பார்த்தால் புரியும்.

ஸ்டார்ம் என்ற புயல்

நேதன் மார்ஸ் என்ற அமெரிக்க என்ஜினியர் பேக்டைப் என்ற சிறிய கம்பெனியில் இருந்தபோது ஸ்டார்ம் என்ற சாப்ட்வேரை எழுதினார். 2011-ல் அந்தக் கம்பெனியை ட்விட்டர் வாங்கியது (இப்போது எக்ஸ் என்று பெயர் மாறி விட்டது). அதே வருடம் செப்டம்பரில் ஸ்டார்ம் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. ஓடி வரும் டேட்டாவைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்து உடனுக்குடன் கணக்குப் போடும் சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது என்றதும் பல கம்பெனிகள் பிடித்துக் கொண்டன. 2014-ல் அது அப்பாச்சி ஃபவுண்டேஷனின் முழு அந்தஸ்து பெற்ற புராஜெக்ட் ஆனது.

இதன் உள்பகுதியை மார்ஸ் குளோஜர் என்ற லாங்வேஜில் எழுதினார். 2007-ல் ரிச் ஹிக்கி வெளியிட்ட லாங்வேஜ் இது. 1958-ல் பிறந்த லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. திரையைத் திறந்தால் அடைப்புக் குறிகளாகத் தெரியும். பழகியவர்கள் இதில் பறப்பார்கள். பழகாதவர்களுக்கு முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும்.

ஆனால் மார்ஸ் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். ஸ்டார்மைப் பயன்படுத்துபவர்கள் தொடும் பகுதி முழுவதையும் ஜாவாவில் வைத்தார். ஜாவா தெரிந்தவர்கள் எத்தனையோ லட்சம் பேர். அவர்கள் எல்லோரும் ஸ்டார்மைப் பயன்படுத்த முடிந்தது. உள்ளே மட்டும் தனக்கு வேகமாக எழுத வந்த குளோஜர். இதை நான் வாசல் லாங்வேஜ், உள்கட்டு லாங்வேஜ் என்று பிரித்துச் சொல்வேன். வாசலில் வந்து பொருள் வாங்கிப் போகிறவருக்கு அடுப்படியில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஓப்பன் சோர்ஸில் அடுப்படிக்குள்ளும் ஆள் வர வேண்டும். எழுதிய ஒருவரே காலம் முழுக்கப் பார்த்துக் கொள்ள முடியாது. பயன்படுத்துபவர்களில் நூறில் ஒருவராவது உள்ளே நுழைந்து தப்பைத் திருத்தித் தர வேண்டும். ஸ்டார்மைப் பயன்படுத்தியவர்கள் ஜாவாக்காரர்கள். தப்பு கிடந்த இடம் குளோஜர். என்ன நடந்திருக்கும்? சீனாவின் அலிபாபா கம்பெனி உள்பகுதியையே ஜாவாவில் திரும்ப எழுதி ஜேஸ்டார்ம் என்று பெயர் வைத்தது. 2015-ல் அதை அப்பாச்சிக்கே நன்கொடையாகவும் கொடுத்தது. பிறகு ஸ்டார்ம் குழுவும் உள்பகுதியை ஜாவாவுக்கு மாற்றும் வேலையில் இறங்கி, 2019 மே மாதம் 2.0 வெர்ஷனாக வெளியிட்டது. புதிதாகப் பங்களிக்க வருபவர்களுக்குக் குளோஜர் ஒரு தடையாக இருந்தது என்று அந்த வெளியீட்டு அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

2011 முதல் 2019 வரை எட்டு வருடம்! அதற்குள் ஃபிளிங்க் போன்ற புதியவர்கள் வந்து இடத்தைப் பிடித்து விட்டார்கள். ட்விட்டரே 2015-ல் ஸ்டார்மை விட்டு ஹெரான் என்ற தன் சொந்தச் சாப்ட்வேருக்குப் போய் விட்டதாக அறிவித்தது. இதற்கெல்லாம் குளோஜர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ட்விட்டர் மாறியதற்கு ஸ்டார்மின் அமைப்பில் இருந்த வேறு சிக்கல்கள் காரணம். ஒரே புராசஸுக்குள் பல வேலைகள் கலந்து ஓடியதால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆனாலும், திருத்த வேண்டிய நேரத்தில் திருத்த ஆள் குறைவாக இருந்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லி விட வேண்டும். குளோஜரில் எழுதியதால்தான் தன்னால் வேகமாக வேலை செய்ய முடிந்தது என்பது மார்ஸின் வாதம். நியாயம்தான். முதல் வருடம் அவர் கிட்டத்தட்டத் தனி ஆள். ஜாவாவில் எழுதியிருந்தால் ஸ்டார்ம் பாதியிலேயே நின்றிருக்கலாம். தனி ஆளுக்கு முதல் வருடத்தில் ஏற்ற லாங்வேஜ், ஐந்தாவது வருடத்தில் ஐம்பது பேருக்கு ஏற்றதாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த முடிச்சை யாரும் இதுவரை அழகாக அவிழ்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

காஃப்காவின் வாசல்

ஸ்டார்மில் உள்கட்டுப் பிரச்சினை என்றால் காஃப்காவில் வாசலிலேயே பிரச்சினை. ஜே கிரெப்ஸ், நேஹா நார்கெடே, ஜுன் ராவ் ஆகியோர் லிங்க்ட்இன் கம்பெனியில் உருவாக்கி 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியான சாப்ட்வேர் இது. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரை வைத்தார்கள். ஓடி வரும் டேட்டாவை வாங்கி, வரிசை மாறாமல் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பது இதன் வேலை.

இதை ஸ்கேலாவில் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மார்ட்டின் ஓடர்ஸ்கி உருவாக்கிய லாங்வேஜ் அது. ஜாவாவுக்குக் கொடுத்த அதே மேடையில் ஓடும், ஜாவாவை விடச் சுருக்கமாக எழுதலாம். ஆனால் ஒரு வெர்ஷன் ஸ்கேலாவில் தயாரான சாப்ட்வேர் அடுத்த வெர்ஷன் ஸ்கேலாவோடு ஒத்துப் போகாது. காஃப்காவுக்கு டேட்டா அனுப்பும் பகுதியும், அதிலிருந்து வாங்கும் பகுதியும் ஸ்கேலாவிலேயே இருந்ததால், ஜாவாவில் வேலை செய்பவர்களும் ‘என் ஸ்கேலா எது, உன் ஸ்கேலா எது’ என்று பொருத்தம் பார்க்க வேண்டியிருந்தது. ஜாதகப் பொருத்தம் போல!

2015-ல் வந்த வெர்ஷன்களில் இந்த இரண்டு பகுதிகளையும் ஜாவாவில் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். 2016-ல் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் என்ற ஸ்ட்ரீம் பிராசஸிங் பகுதி வந்தபோது முதலிலேயே ஜாவாவுக்குப் போய் விட்டார்கள். சர்வர் பகுதியிலும் புதிய வேலைகள் மெல்ல மெல்ல ஜாவாவுக்கு நகர்ந்தன. காஃப்காவை டவுன்லோட் செய்து பாருங்கள். ஃபைலின் பெயரில் இரண்டு வெர்ஷன் எண்கள் இருக்கும். முதலில் இருக்கும் 2.13 என்பது காஃப்காவின் எண் இல்லை, ஸ்கேலாவின் எண். புதியவர்கள் பலர் இதில் குழம்புகிறார்கள். பழைய முடிவின் தழும்பு அது.

பெர்லின் ஆராய்ச்சி ஒன்றிலிருந்து வளர்ந்த ஃபிளிங்க்கும் இதே பாதையில்தான் போனது. உள்பகுதியில் பெரும்பாலும் ஜாவா, கொஞ்சம் ஸ்கேலா. 2022-ல் வந்த 1.15 வெர்ஷனில் பயனாளர் பக்கம் ஸ்கேலா பொருத்தம் பார்க்கும் கட்டாயத்தை எடுத்தார்கள். 2025-ல் வந்த 2.0 வெர்ஷனில் ஸ்கேலாவுக்கென்று இருந்த வாசலையே மூடி விட்டார்கள்.

இத்தனைக்கும் ஸ்கேலாவோ குளோஜரோ மோசமான லாங்வேஜ்கள் இல்லை. எனக்கு இரண்டும் பிடிக்கும். (குளோஜர் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அந்த அடைப்புக் குறிகளை மீறித்தான்.) பிரச்சினை லாங்வேஜில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது.

எங்கள் சண்டைக்கு வருகிறேன்

பைத்தான் கட்சி எளிதில் புரியும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் 2019-ல் வந்த புதிய பாடநூலில் பைத்தான் சேர்ந்தது. அதைப் படித்து வந்தவர்கள் எத்தனை பேர்! ஆள் பஞ்சமே இருக்காது. ஆனால் பைத்தானில் ஒரு புராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே பைத்தான் வரிகளை ஓட்ட முடியும் என்று வெகுகாலமாக ஒரு பூட்டு இருக்கிறது. பூட்டு இல்லாத பைத்தான் 2024-ல் சோதனையாக வந்து, 2025-ல் முறையாக ஏற்கப்பட்டும் விட்டது. என்றாலும் அதைத் தனியாகத் தேடித்தான் நிறுவ வேண்டும். ஒரு வீட்டு மோட்டாருக்குப் பைத்தான் தாராளம். முந்நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் ஒரு சின்னஞ்சிறு ராஸ்பெரி பை போர்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றால் எனக்குத் தயக்கம்.

ரஸ்ட் கட்சி பலமானது. ஜாவா, கோ போன்றவை மெமரியில் சேரும் குப்பையைத் தாங்களே கூட்டிப் பெருக்கும். கூட்டும்போது புரோகிராம் ஒரு கணம் நிற்கும். டோல்கேட் ஊழியர் டீ குடிக்கப் போனால் பின்னால் வண்டிகள் வரிசை கட்டுவது போல, அந்தக் கணத்தில் டேட்டா காத்து நிற்கும். ரஸ்டில் கூட்டிப் பெருக்கும் வேலையே கிடையாது. எந்த மெமரி எப்போது தேவையில்லாமல் போகிறது என்பதைக் கம்பைலரே முன்கூட்டிக் கணக்குப் பார்த்து வைத்து விடும். 2015-ல் 1.0 வெர்ஷன் வந்ததிலிருந்து இந்தத் துறையில் ரஸ்டுக்கு நல்ல மவுசு. ரைசிங்வேவ் என்ற ஸ்ட்ரீம் பிராசஸிங் டேட்டாபேஸை முதலில் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதி, அதைத் தூக்கிப் போட்டு விட்டு ரஸ்டில் மறுபடி எழுதினார்கள்.

ஆனால் ஐந்து வினாடிக்கு ஒரு முறை வரும் ரீடிங்கில் ஒரு மில்லி செகண்ட் தாமதத்தால் எந்த மோட்டார் கருகும்? கிரெடிட் கார்டு மோசடியைப் பிடிப்பவர்களும் பங்குச் சந்தைக்காரர்களும் அந்த மில்லி செகண்டுக்கு அழட்டும். நாங்கள் ஏன் அழ வேண்டும்? ரஸ்டைக் கற்றுக் கொள்ளும் முதல் சில வாரங்கள் கம்பைலரோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். எங்கள் சாப்ட்வேரில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் திருத்த வரும் கல்லூரி மாணவி அந்த மல்லுக்கட்டை முடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்து விடும். அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

கோ லாங்வேஜில் எழுதும் வசதிகள் குறைவு. அதைத்தான் நான் பலமாகப் பார்க்கிறேன். கூகிளில் பிறந்து 2009-ல் வெளியானது. ஏதாவது ஒரு லாங்வேஜ் தெரிந்தவர் இரண்டு மூன்று நாளில் மற்றவர் எழுதிய கோ புரோகிராமைப் படித்துப் புரிந்து கொள்ளலாம். உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே ராஸ்பெரி பை போர்டுக்கான ஃபைலைத் தயாரித்து விடலாம். ஒரே ஒரு ஃபைல், காப்பி செய்தால் ஓடும். எப்போது மோட்டாரை நிறுத்துவது, யாருக்கு மெசேஜ் அனுப்புவது என்ற விதிகளை மட்டும் பயனாளர் பைத்தானில் எழுதிக் கொள்ளட்டும். வாசலுக்குப் பைத்தான், உள்கட்டுக்கு கோ. என் ஓட்டு இதற்குத்தான்.

ரஸ்ட் நண்பர் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே கணக்கை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் கணக்கு கெட்டுப் போகும். சாதாரணமாக எழுதிய ரஸ்ட் புரோகிராமில் அப்படிப்பட்ட தப்பு இருந்தால் கம்பைலர் உள்ளேயே விடாது. கோ விட்டு விடும். கோவிலும் இதைத் தேடிப் பிடிக்க ஒரு சோதனை வசதி உண்டு. ஆனால் சோதனையின்போது அந்தத் தப்பு நடந்தால்தான் பிடிபடும். முன்பின் தெரியாதவர்கள் திருத்தித் தரும் சாப்ட்வேருக்கு ரஸ்ட் கம்பைலரை விட நல்ல வாட்ச்மேன் யார் என்கிறார் அவர். கனமான வாதம். அதோடு எங்கள் நால்வரில் அதிக நேரம் ஒதுக்கக் கூடியவரும், கைதேர்ந்தவரும் அவர்தான். கோ என்று முடிவானால் அவர் ஆர்வம் பாதியாகக் குறையலாம். வரப் போகும் முகம் தெரியாதவர்களுக்காக, வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை இழப்பதா என்று நான்காவது நண்பர் கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொந்தக் கருத்து அது.

அப்படியும் நான் கோ பக்கம்தான். வந்து உட்கார்ந்திருப்பவருக்கு நாளை கல்யாணம் ஆகும், வேலை மாறும், வெளிநாடு போவார். நானும்தான். போர்வெல் மோட்டார் அங்கேயே இருக்கும், அதைப் பார்த்துக் கொள்ளும் சாப்ட்வேரும் ஓடிக் கொண்டிருக்கும்.

அடுத்த மாதம் ஓட்டு எடுக்கிறோம். ரஸ்ட் ஜெயித்தால் நானும் உட்கார்ந்து ரஸ்ட் படிப்பேன். ஆனால் எது ஜெயித்தாலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன், மற்ற மூவரும் ஒத்துக் கொண்டு விட்டார்கள். வெளியிடும் முன், பைத்தான் நண்பரின் தங்கையிடம் எங்கள் மூல ஃபைல்களையும் ஒரே ஒரு பக்கக் குறிப்பையும் கொடுப்போம். கல்லூரி முதல் வருடம் படிக்கும் அவர் லேப்டாப் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. யாரையும் கேட்காமல் அரை மணி நேரத்தில் அவர் அதை ஓட வைத்து, திரையில் வரும் ஒரு வார்த்தையையாவது மாற்றிக் காட்ட வேண்டும். முடியா விட்டால் வெளியீடு தள்ளிப் போகும்.